கரண்டு இல்லாத நாளில் மாப்பிள்ளை பார்த்தவர்

கரண்டு எப்போது வரும் என்று தனக்கே தெரியாத ஒருவர், கேட்பவரிடம் "இப்ப வந்துரும்" என்று சொன்னால் அது பொய்யா? ஒரு தடவை சொன்னால் பொய் என்று ஒதுக்கிவிடலாம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை, அதே குரலில், கோபப்படாமல், அதற்காகவே சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னால்? சங்கரன்கோவிலில் மின்தடைப் புகார் போனை எடுக்கும் வேலையில் இருந்த கைலாசத்தின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. அவர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டதில்லை.

"வராம எங்க போயிரும்? எப்பவாவது வரத்தான செய்யும். வந்துட்டா நான் சொன்னது உண்மை" என்பார்.

காலத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டால் உலகில் பொய் என்று ஒன்று மிஞ்சாது. தத்துவம் படித்தவர்கள் இதைச் சொல்லப் பல பக்கங்கள் எடுத்துக்கொள்வார்கள். கைலாசம் போனை வைப்பதற்குள் சொல்லிவிடுவார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுற்று வட்டாரத்தின் குணங்களை எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டதாக அவருக்கு ஒரு நம்பிக்கை. ஒவ்வொரு ஊரும் போனில் வரும் விதத்தை வைத்து அந்த ஊரை எடைபோட்டார். சங்கரன்கோவில் தறிக்காரர்கள் ஃபேன் இறக்கை சுற்றி ஓயும் முன்பே கூப்பிட்டுவிடுவார்கள். அதில் நியாயம் உண்டு. விசைத்தறி நடுவில் நின்றால் நின்ற இடத்தில் சேலையில் ஒரு கோடு விழும். பிறகு கரண்டு வந்து என்ன, கோடு கோடுதான். புளியங்குடிக்காரர்கள் நிதானம். எலுமிச்சம்பழத்துக்குக் கரண்டு தேவையில்லை. ஏலம் விடிந்ததும் முடிந்துவிடும். பழம் மூட்டையில் கிடந்தபடியே வெளியூருக்குப் போய்விடும். வாசுதேவநல்லூர் வருஷத்துக்கு வருஷம் மாறும். குளம் பெருகிய வருஷம் அங்கிருந்து போனே வராது. குளம் வற்றிய வருஷம் பம்புசெட்டுக்காரர்கள் கைலாசத்தைத் தூங்கவிட மாட்டார்கள். அதாவது அந்த ஊர் கரண்டுக்கு எவ்வளவு ஏங்கும் என்பதைத் தீர்மானிப்பது மலையில் பெய்யும் மழை.

குருவிகுளம் பக்கத்துக் கிராமங்கள் மறுநாள்தான் கூப்பிடும். கூப்பிட்டாலும் மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசும். அங்கேதான் மானாவாரிக் காட்டில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஒருமுறை அங்கிருந்து ஒருவர் கேட்டார்:

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்கு முன்னால காத்தாடி நல்லாத்தான் சுத்துது. எங்களுக்கு நேத்துலேருந்து கரண்டு இல்ல. அது யாருக்குச் சுத்துது?"

"அந்தக் கம்பி வேற வே. அது மேல போகுது. ஒங்களுக்கு வாறது வேற கம்பி."

"அந்தக் காத்தாடிக்குத் தனியா போன் நம்பர் உண்டுமா? அதுகிட்டயே கேட்டுருதேன்."

கைலாசம் "இப்ப வந்துரும்" என்றார்.

இப்படிப் போனில் கேட்டே உருவான ஒரு கொள்கை அவரிடம் இருந்தது. ஒரு ஊரோ வீடோ எவ்வளவு தாங்கும் என்பதைக் கரண்டு இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாது. போன பிறகு பார். இதில் பாதி சரி. மீதிப் பாதியை அவர் தன் மகள் கல்யாணத்தில் சோதித்துப் பார்க்கப் புறப்பட்டதுதான் வினை.

மகள் மாலதி குருவிகுளம் ஒன்றிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். கைலாசம் ஓய்வு பெற்றதும் வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். வரன் கொண்டுவரும் சுமதி ஊர் முழுக்கத் தெரிந்த கெட்டிக்காரி. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகும் நாளைக் குறிக்கப் பஞ்சாங்கத்தோடு வந்தாள். கைலாசம் அன்றைய செய்தித்தாளை விரித்தார். அதில் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் ஊர்களின் பட்டியல் இருந்தது.

"அந்த ஊருல என்னைக்கு கரண்டு இருக்காதோ அன்னைக்குத்தான் போவோம்" என்றார்.

சுமதி முத்துமீனாளைப் பார்த்தாள். முத்துமீனாள், அந்த வீட்டில் கைலாசத்தோடு குடித்தனம் நடத்திக் களைத்தவள், சமையலறை வாசலில் நின்றபடி சொன்னாள்:

"எல்லாரும் நல்ல நாள் பாப்பாவ. இவுக இருட்டு நாள் பாக்காக."

"மதினி, பெரிய சங்கடம் என்னன்னா, கரண்டு நிப்பாட்டுததெல்லாம் செவ்வாயும் சனியுமா வருது. நான் அந்த ரெண்டுலயும் காலடி எடுத்து வைக்க மாட்டேன்" என்றாள் சுமதி.

பஞ்சாங்கமும் மின்தடைப் பட்டியலும் ஒத்துப்போகும் நாளுக்காக மூவரும் காத்திருந்தார்கள். அப்படி ஒரு நாள் மாசியில் புளியங்குடிக்குக் கிடைத்தது.

எலுமிச்சை வியாபாரி வீடு. போய் உட்கார்ந்து பேச்சு ஆரம்பித்ததும் கரண்டு நின்றது. கைலாசம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த நொடி பின்கட்டில் ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, டிவிகூடத் தானாகப் பாடியது. பேச்சு மட்டும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மாலதியின் சம்பளத்தைக் கத்திக் கேட்டார். கைலாசம் கத்திச் சொன்னார். எதிர்வீட்டு அம்மாள் தன் வாசலிலிருந்தே, "அது பரவால்லையே" என்றாள்.

"அஞ்சு நிமிசம் கரண்டு இல்லாம இருக்கத் தெரியல அந்த வீட்டுக்கு" என்று திரும்பும் பஸ்ஸில் சொன்னார் கைலாசம்.

"இருக்கணும்னு அவாளுக்கு என்ன விதி? அவுக ஜெனரேட்டர் வச்சிருக்காவ" என்றாள் முத்துமீனாள்.

கரண்டு போனால் தாங்க வேண்டும் என்றார். தாங்குவதற்கு ஏற்பாடு செய்தவனைக் குறை சொன்னார். தாங்குதல் என்பது மனதில் மட்டும் இருக்க வேண்டும், பின்கட்டில் டீசல் வாசனையோடு இருக்கக் கூடாது என்று நினைத்தார் போலும். வசதியை ஒழுக்கக்கேடாகப் பார்ப்பது, வசதி கொஞ்சம் உள்ளவர்களின் பழக்கம்.

பங்குனியில் வாசுதேவநல்லூர். விசாலமான வீடு, மலைக்காற்று, மரியாதையான மனிதர்கள். ஆனால் பள்ளிப் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் அன்றைய மின்நிறுத்தத்தைத் தள்ளிவைத்திருந்தார்கள். கைலாசத்துக்கு அது தெரியாது. காப்பி வந்தது, ஃபேன் சுற்றியது. பையன் வந்து கும்பிட்டான், ஃபேன் சுற்றியது. எப்போது நிற்கும் என்று கைலாசம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பையனின் அம்மாவும் ஒருமுறை மேலே பார்த்தாள். பிறகு வீட்டில் எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சுமதி வந்தாள்.

"என்ன அண்ணாச்சி செஞ்சு வச்சிருக்கிய? பொண்ணோட அப்பா வந்ததுலேருந்து எங்க கட்டடத்தையே மொறச்சுப் பாத்தாரு, வாயே தெறக்கலன்னு சொல்லுதாவ. மச்சுல விரிசல் இருக்கோன்னு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினாவளாம். விரிசல் இல்லையாம். அதனால விரிசல் ஒங்ககிட்டதான்னு முடிவு பண்ணிட்டாவ."

அப்பாவுக்குக் கேட்கும்படி மாலதி சிரித்தாள்.

அதற்குள் இரண்டு வரன்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஒன்று சென்னை. பையன் ஆனந்த்சங்கர், பெரிய கம்பெனியில் வேலை, ஒன்பதாவது மாடியில் சொந்த வீடு. இன்னொன்று குருவிகுளம் பக்கத்துக் கிராமம். பையன் கோமதிநாதன், காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலை, கொஞ்சம் காடு உண்டு. இரண்டையும் சுமதிதான் கொண்டுவந்தாள் என்று வீட்டில் பேச்சு. குருவிகுளத்து வரனைச் சுமதியிடம் சொல்லிக் கொண்டுவர வைத்தது மாலதி என்பது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒரு வாரத்தில் முத்துமீனாளுக்கும் தெரிந்தது. கைலாசத்துக்குக் கடைசியில் தெரிந்தது.

"ஒன்றிய ஆபீசுக்கு ஒரு வேலையா வந்தான். பேசினோம். எனக்குப் பிடிச்சிருக்கு. ஒங்களுக்கும் பிடிச்சாத்தான்" என்றாள் மாலதி. பிறகு, "ஆடி பொறக்கதுக்குள்ள சொல்லிருங்கப்பா" என்றாள். கைலாசம் தலையாட்டினார். பிடிக்காவிட்டால் என்ன செய்வாள் என்று அவர் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை.

சென்னையைச் சோதிக்க வழியில்லாமல் கைலாசம் தவித்தார். அங்கே பராமரிப்புக்கு நிறுத்தினால்கூட அந்தக் குடியிருப்பின் ஜெனரேட்டர் கண்ணிமைக்குமுன் எடுத்துக்கொள்ளுமாம். பையனிடம் போனில் கேட்டார்:

"தம்பி, கரண்டு போனா என்ன செய்விய?"

"போகாது மாமா."

"போனா?"

"போகாது மாமா, அதான் சொல்றேன்."

"சரி, ஒரு பேச்சுக்கு, போயிட்டுன்னு வைங்க."

பிறகு பையனின் அம்மா வாங்கிப் பேசினாள். "ஒரு தடவை பெரிய மழையில ஜெனரேட்டர் ரூமுக்குள்ள தண்ணி போயிட்டு. லிப்டும் இல்ல, தண்ணியும் இல்ல. நாங்க பேசாம ஓட்டல்ல ரூம் போட்டுப் போயிட்டோம் அண்ணாச்சி."

முத்துமீனாள் நெகிழ்ந்துபோனாள். "பாத்தியளா, அதுக்கும் ஒரு வழி வச்சிருக்காவ."

வீட்டைவிட்டுப் போக முடிவதும் ஒரு தாங்குசக்திதான் என்று கைலாசத்துக்கு அதுவரை தோன்றியதில்லை. பெரிய நகரத்துக்குக் கரண்டு நாலு திசையிலிருந்தும் வருகிறது. ஒரு வழி அறுந்தால் இன்னொன்று. குருவிகுளத்துக் கிராமம் ஒற்றைக் கம்பியின் கடைசி நுனியில் தொங்குகிறது. ஒரு வேலமரக் கிளை போதும். தைரியம், சோம்பல், பொறுமை என்று அவர் போனில் கேட்ட குணங்களில் பாதி, கம்பி போட்டவன் எங்கே நிறுத்தினான் என்பதால் வந்தவை. மனிதர்களின் சுபாவம் என்று நாம் சொல்வதில் பலவும் இப்படித்தான், யாரோ வரைந்த ஒரு வரைபடத்தின் விளைவு.

ஆனியில் குருவிகுளம் பக்கம் போனார்கள். காற்று ஆளைத் தள்ளியது. காட்டில் காற்றாலைகள் எல்லாம் சுற்றின. கோமதிநாதன் வீட்டு ஃபேன் மட்டும் நின்றது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கோமதிநாதனின் அம்மா இசக்கித்தாய், காட்டு வேலையும் ஆட்டு வேலையும் ஒண்டியாகப் பார்த்து மகனை வளர்த்தவள், வேப்பமரத்தடியில் நாற்காலிகளை எடுத்துப் போட்டாள். "பிரிட்ஜ் ஓடல. கலரு கொஞ்சம் வெதுவெதுன்னுதான் இருக்கும், குடிங்க" என்றாள்.

"கரண்டு போனா என்ன செய்விய?" என்று கோமதிநாதனிடம் கேட்டார் கைலாசம்.

"என்ன செய்ய? இருப்போம்" என்றான் அவன்.

கைலாசம் தேடிய பதில் இதுதான். பஸ்ஸில் திரும்பும்போது புகழ்ந்து தள்ளினார். திடமான வீடு, பதறாத ஜனம், இப்படி ஒரு குடும்பத்தைத் தான் பார்த்ததில்லை. முத்துமீனாள் கேட்டாள்:

"அப்ப முடிச்சிருவமா?"

"பேசிச் சொல்லுவோம்."

"யாருகிட்டப் பேசி?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்தபின் சொன்னார்: "அவாளுக்குப் பழகிட்டு. பழகுததும் தாங்குததும் ஒண்ணா? என் பொண்ணு எதுக்குப் பழகணும்?"

"அப்ப என்ன எழவுக்கு ஊரு ஊரா கரண்டு இல்லாத நாளாப் பாத்து எங்களைக் கூட்டிக்கிட்டு அலைஞ்சிய?" என்றாள் முத்துமீனாள். கேட்க வேண்டிய கேள்விதான். கொள்கைக்கு ஒரு வீடு, பெண் கொடுக்க வேறொரு வீடு என்று அவர் பிரித்துவைத்திருந்தார். இது கைலாசத்தின் தனிக்குற்றம் இல்லை. எளிமையைப் போற்றும் பெரும்பாலானோர் அதை அடுத்த தெருவில் வைத்தே போற்றுகிறார்கள்.

சென்னைக்காரர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். கைலாசம் "வாங்க" என்றார். மாலதி அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் பஸ்ஸுக்குப் போகும்முன் சுமதிக்கு ஒரு போன் போட்டாள்.

அந்த வியாழக்கிழமை சங்கரன்கோவிலில் மின்நிறுத்தம். காலையில் தறிகள் ஓய்ந்தன. கோயில் பக்கத்துத் தெரு வரை எப்போதும் கேட்கும் தடதடப்பு நின்றதும் ஊருக்கே காது அடைத்தது போல இருந்தது. தறிக்காரர்கள் வாசலுக்கு வந்து, வெளியூருக்கு வந்தவர்கள் மாதிரித் தங்கள் தெருவையே பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சுமதி கோமதிநாதனையும் இசக்கித்தாயையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"சொல்லாம கொள்ளாம வந்துட்டோம்" என்றாள் இசக்கித்தாய். "நீங்க எங்க வீட்டைக் கரண்டு இல்லாமத்தான் பாத்திய. அதான் நாங்களும் அப்படியே பாத்துருவோம்னு. சனி இல்ல, செவ்வாய் இல்ல, வியாழன். சுமதிக்கும் சம்மதம்."

கைலாசம் மாலதியைப் பார்த்தார். அன்று லீவு போட்டிருந்த மாலதி சுவரைப் பார்த்தாள்.

கால் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுக்கப் போனபோது குழாயில் காற்று வந்தது. மேல்தொட்டி காலி. மின்நிறுத்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மோட்டார் போட்டது கைலாசம் என்று முத்துமீனாள் நினைத்தாள், முத்துமீனாள் என்று கைலாசம்.

"கரண்டு சமாச்சாரம்னா ஒங்க இலாகாதான?" என்றாள் முத்துமீனாள், விருந்தாளி முன் குரலைத் தாழ்த்தி. மிக்ஸியில் சட்னி பாதி அரைபட்டு நின்றது. உள்ளே புழுக்கம். கைலாசம் சட்டைக் காலரை இழுத்துவிட்டார், உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைத் திறந்தார், அது ஏற்கனவே திறந்திருந்தது. பிறகு போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். வீடு சிறியது, எல்லோருக்கும் கேட்டது.

"யாரு? நான் இங்கன கைலாசம்... ஆமா, நானேதான். எப்ப வரும்?"

அந்தப் பக்கம் ஓர் இளம் குரல்: "இப்ப வந்துரும் சார்."

இரண்டு மணி வரை வராது என்று பேப்பரில் இருந்ததை அவர் காலையில்தான் சத்தமாக வாசித்திருந்தார். பதில் தெரிந்த கேள்வியை ஒருவர் எதற்காகக் கேட்கிறார்? ஒருவேளை ஆறுதலுக்கு. ஆறுதலுக்குத்தான் இத்தனை காலமும் அவரைக் கூப்பிட்டார்கள் என்பது அன்றைக்காவது உறைத்ததா என்று தெரியவில்லை. முகத்தில் வியர்வை மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்தபோது இசக்கித்தாய் கேட்டாள்: "கரண்டு ஆபீசுலேயே இருந்திய. வீட்டுல ஒரு இன்வெர்டர் வைக்கக் கூடாதா அண்ணாச்சி?"

"வச்சா, நம்மளே நம்மள நம்பலன்னு ஆயிரும்லா?"

சுமதி சிரிப்பை முந்தானையில் மறைத்தாள். இசக்கித்தாய் மறைக்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு மாலதியிடம் திரும்பினாள்.

"ஏட்டி, எங்க வீட்டுல இதைவிட மோசம். காத்தடிச்சாப் போயிரும், மழை பேஞ்சாப் போயிரும், சும்மாவும் போயிரும். ஒன்னால இருக்க முடியுமா?"

"முடியாது அத்தை" என்றாள் மாலதி. "நான் வந்தா இன்வெர்டர் கேப்பேன்."

கைலாசம் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் சுமதியும் நினைத்தாள்.

"கேளு" என்றாள் இசக்கித்தாய். "எனக்குந்தான் ரொம்ப நாளா ஆசை. ராத்திரி கொசுவுக்கு விசிறி விசிறிக் கை ஓஞ்சு போவும். ஆனா எனக்கு வேணுமான்னு ஒருத்தரும் கேக்கலியே."

"நீ ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றான் கோமதிநாதன்.

"நீ கேக்கலியே ராசா. பெரிய காத்தாடியெல்லாம் ஏறி ஏறிப் பாக்குத."

அவன் தலை குனிந்தான். கைலாசம் கண்ணைத் திறந்து இசக்கித்தாயைப் பார்த்தார். திடம் என்று அவர் பஸ் முழுக்கப் புகழ்ந்தது, கேட்க ஆளில்லாததால் சொல்லாமல் விட்டது. அந்த ஊரிலிருந்து மறுநாள் வந்த போன்களுக்கும் இதே விளக்கம் பொருந்தக்கூடும். அதை யோசித்தாரா, வேறெதையாவது யோசித்தாரா, அதுவும் தெரியாது.

முதல் பேச்சில் எந்தப் பெண் வீட்டாரும் வாக்குக் கொடுப்பதில்லை. பேசிச் சொல்லுவோம் என்பதுதான் மரியாதை. புளியங்குடியிலும் கிராமத்திலும் அவர் அதையே சொன்னார். அதுவும் போக, மூன்று நாளில் சென்னைக்காரர்கள் வருகிறார்கள். அதற்காக மாலதிக்குச் சேலை எடுத்து, பலகாரத்துக்குச் சொல்லி, எல்லாம் ஆகியிருந்தது.

கைலாசம் எழுந்தார். முத்துமீனாளைப் பார்க்கவில்லை, பஞ்சாங்கத்தைக் கேட்கவில்லை.

"வெத்தல பாக்கு இருக்குல்லா? தட்டை எடுத்துட்டு வா. இப்பவே மாத்திக்கிடுவோம்."

"இப்பவா?" என்றாள் முத்துமீனாள்.

"அண்ணாச்சி, ராகு காலம் கழியட்டும்" என்று சுமதி மட்டும் இடையில் வந்தாள். அதற்குப் பொறுத்தார்கள். தட்டு மாறியது. சென்னைக்கு அவரே போன் செய்து, வர வேண்டாம் என்று சொன்னார். அவர்கள் காரணம் கேட்டார்கள். முத்துமீனாள் அன்று இரவு கேட்டாள். சுமதி, தன் தொழிலுக்கு உதவும் என்று, பலமுறை கேட்டுப் பார்த்தாள். ஆவணியில் கல்யாணம் முடிந்து மறுவீடு வந்திருந்தபோது மாலதியும், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு என்னப்பா திடீர்னு?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டியா மக்கா?" என்றார் கைலாசம். யாரிடமும் சொல்லவில்லை.